மதிய மாத்திரை

மார்ச் 10, ஞாயிறு

இந்த நோட்டு டாக்டர் கேட்டதற்காக வாங்கியது. இடது பக்கத்தில் கோடு போட்டு ஏழு கட்டம் பிரித்திருக்கிறேன்: தலைவலி, வாந்தி, வலிப்பு, காலை மாத்திரை, மதிய மாத்திரை, இரவு மாத்திரை, சாப்பாடு. வலது பக்கம் சும்மா கிடக்கிறது. வெள்ளைத் தாள் சும்மா கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். மற்றதை எல்லாம் அங்கே எழுதப் போகிறேன்.

நோயாளி: என் வாப்பா செய்யது மசூது, வயது 48, மேலப்பாளையம் பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை. பதிவாளர்: ருகையா, ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு. கண்காணிப்பாளர்: உம்மா. யாரும் கேட்காமலே ஆலோசகர்: பக்கத்து வீட்டுப் பாத்து மாமி, வாப்பாவின் அக்கா.

இதை வாப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பதிவாளரம்மாவுக்குச் சம்பளம் யாரு குடுக்கா?" என்று கேட்டார்.

"யாரும் கொடுக்கல வாப்பா."

"அப்ப நோயாளிக்கு மட்டும் என்ன, ஓசியிலதான் நோயாளியா இருக்கேன். சரி, எழுது."

வாப்பாவின் மூளையில் வலது பக்கம் கட்டி. ஆகஸ்டில் மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். பிறகு முப்பது நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கட்டி வலது பக்கம் இருந்தாலும் அது கெடுப்பது இடது பக்கத்தை. வாப்பாவுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்பார். தட்டைத் திருப்பி வைத்தால், "இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க" என்பார். ஊர் முழுக்கக் கண் பார்த்து அனுப்பியவருக்கு இப்படி. அதற்கு அவரே ஒரு விளக்கமும் வைத்திருக்கிறார்: "மண்டைக்குள்ள ஒருத்தன் வாடகைக்கு வந்திருக்கான். வாடகை தரல. இடது பக்கத்து லைட்டையும் அணைச்சுப்போட்டுட்டான்."

பழையதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. இன்று காலை நடந்ததுதான் நிற்பதில்லை.

போன வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் உம்மாவிடமும் மாமியிடமும் பேசும்போது என்னை இளநீர் வாங்கி வர அனுப்பினார்கள். திரும்பி வந்தால் மாமி பேசாமல் உட்கார்ந்திருந்தார். மாமி பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. "நோன்புப் பெருநாள் கழிச்சு வாங்க, அதுவரைக்கும் மாத்திரை போதும்னுட்டார்" என்றார் உம்மா. இனி கரண்ட் இல்லையாம், ஊசி இல்லையாம். டாக்டர்கள் நோயாளிக்கு விடுமுறை விடுவார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

பள்ளி நூலகத்தில் இந்த நோயின் பெயரைத் தேடிப் படித்தேன். கடைசிப் பத்தியில் மாதக் கணக்கு ஒன்று போட்டிருந்தது. பழைய பதிப்பு. அச்சுப் பிழை நிறைய.

டாக்டர் எங்கள் எல்லோருக்கும் சொன்னது இது: மதிய மாத்திரையைச் சோறு சாப்பிட்டதும் கொடுக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தவறினால் வலிப்பு வரும். ஒவ்வொரு வலிப்பும் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போகும்.

மார்ச் 11, திங்கள்

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

"சகருக்கு என்ன ஆக்குற?" என்று வாப்பா உம்மாவிடம் கேட்டார். சகர் என்பது நோன்பு வைப்பதற்காக விடியும் முன் சாப்பிடுவது. உம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"உங்களுக்கு இந்த வருஷம் நோன்பு இல்லீங்க. மதியம் மாத்திரை இருக்கு."

"ஏழு வயசுல பிடிச்ச நோன்பு. அம்மை போட்ட வருஷம்கூட விட்டதில்ல. நாப்பத்தோரு வருஷம் ஆச்சு ஜமீலா. ஒரு மாத்திரைக்காக விடவா?"

உம்மா ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பினார். எங்கள் பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்துக்கு வாப்பாதான் இருபது வருடமாகக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறார். ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: தீராத நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, ஒரு நாளைக்கு ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும். வாப்பா தலையாட்டினார். "நீங்க சொன்னா சரிதான் ஹஜ்ரத்" என்றார். எல்லோரும் நிம்மதியாகப் படுத்தோம்.

மார்ச் 12, நோன்பு 1

எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தொழுகைக்குக் கை கால் கழுவி உளூ செய்து, தொப்பி போட்டுச் சகருக்கு உட்கார்ந்திருந்தவர் வாப்பா.

"ஹஜ்ரத் வேண்டாம்னாரே வாப்பா."

"எந்த ஹஜ்ரத்? எப்ப வந்தாரு?"

மதிய மாத்திரை எடுக்கவில்லை. மாலை 4.12க்கு வலிப்பு, நாற்பது நொடி. இடது பக்கத்துக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். பேனா கொஞ்சம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மார்ச் 13, நோன்பு 2

ஹஜ்ரத் மறுபடி வந்தார். வாப்பா மறுபடி சம்மதித்தார். மறுபடி மறந்தார்.

உம்மா ஒரு யோசனை செய்து, ஹஜ்ரத்திடமே எழுதி வாங்கி வாப்பாவின் கையில் கொடுத்தார். வாப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வரியிலும் வலது பாதியை மட்டும் படித்தார். "நல்ல மனுசன். ஆனா எல்லா வரியையும் நடுவுலருந்து ஆரம்பிக்காரு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 15, நோன்பு 4

இன்று நடந்ததை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையிலிருந்து மாலைவரை உம்மா கடையைப் பார்த்துக்கொள்கிறார். அதுவரை மாமி வாப்பாவுக்குத் துணை. மதிய இடைவேளையில் நான் பள்ளியிலிருந்து ஓடி வந்து மாத்திரை கொடுத்துப் பார்ப்பேன், அவர் மறுப்பார், நான் ஓடிப் போவேன். சாப்பிட்டாலும் சாப்பிடுவார் என்று உம்மா தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுப் போகிறார். மாலையில் அது அப்படியே இருக்கும்.

இன்று நான் வந்தபோது மாமி பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். வாப்பா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. வழக்கமான மதியம்போல, மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து, வலது பாதியை முடித்திருந்தார். தான் நோன்பு என்பது மறந்துவிட்டது. இந்த மாத்திரைகளால் அவருக்கு எப்போதும் பசி வேறு.

ஒருவர் நோன்பை மறந்து சாப்பிட்டால் நினைவுபடுத்த வேண்டும் என்று மதரசாவில் படித்திருக்கிறேன். நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். போய்த் தட்டைத் திருப்பி வைத்தேன்.

"இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். மறுபாதியையும் சாப்பிட்டார். மாத்திரையை நீட்டினேன். முழுங்கினார். இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

மாலையில் எங்களோடு உட்கார்ந்து பேரீச்சம்பழம் எடுத்து நோன்பு திறந்தார். "இன்னைக்கு நோன்பு லேசா இருந்துச்சு" என்றார். எனக்குக் கஞ்சி இறங்கவில்லை.

வலிப்பு: இல்லை.

மார்ச் 16, நோன்பு 5

பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் ஹஜ்ரத் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நான் செய்தது பாவமா என்று.

ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். "மறந்து சாப்பிட்டவனுக்கு நோன்பு முறியாது மகளே. அது அல்லாஹ் அவனுக்கு ஊட்டினது. அந்த நோன்பு அப்படியே நிக்கும்" என்றார்.

"நான் நினைவுபடுத்தாம இருந்தேனே?"

"திடகாத்திரமான ஆளா இருந்தா நினைவுபடுத்தணும். பலவீனமான ஆளுன்னா விட்டுரலாம்னு எழுதி வச்சிருக்காங்க. உங்க வாப்பா போட்டுத் தந்த கண்ணாடி வழியாத்தான் நானே அதைப் படிச்சேன்."

பிறகு ஒன்று சொன்னார். "ஆனா பொய் சொல்லிச் சாப்பிட வைக்கக் கூடாது. அவரா மறந்தா மறந்ததுதான். இன்னைக்கு நோன்பான்னு அவர் கேட்டுட்டா உண்மையைச் சொல்லிரணும்."

சரி என்றேன். வீட்டுக்கு வரும்போது கால் தரையில் படவில்லை. மாத்திரையும் போகும், நோன்பும் நிற்கும். நாற்பத்தோரு வருடம் நாற்பத்திரண்டு ஆகும். இப்படி ஒரு சட்டத்தை யோசித்து வைத்திருக்கிற மார்க்கத்தில் பிறந்ததற்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மார்ச் 17, நோன்பு 6

திட்டம் இதுதான். சோற்றை வாப்பாவுக்கு வலது பக்கமாக வைக்க வேண்டும். யாரும் எதுவும் பேசக் கூடாது.

மாமி பேசிவிட்டார். வாப்பா மூன்றாவது கவளம் எடுக்கும்போது உள்ளே வந்தவர், "ஏல மசூது, நோன்பும் அதுவுமா வாயில என்னல?" என்று கேட்டுவிட்டார். வாப்பா அப்படியே எழுந்து போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார். மாத்திரை போச்சு.

உம்மா மாலைவரை மாமியிடம் பேசவில்லை. மாமி அழுதுவிட்டார். "சின்னதுல இவன் சட்டியில கை வச்சாலே சத்தம் போட்டுச் சத்தம் போட்டுத்தானே வளத்தேன். வாய் தானா வருது, நான் என்ன செய்ய?"

கடைசியில் மாமியே ஒரு வழி கண்டுபிடித்தார். வாப்பா சாப்பிடும் நேரத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டி நபிகள் மீது ஸலவாத்து ஓதுவது. வாய்க்கும் வேலை, நன்மைக்கும் நன்மை.

மார்ச் 20, நோன்பு 9

ஆராய்ச்சி. புளிக்குழம்புக்கு வாப்பா மறப்பதில்லை. பருப்பு ரசத்துக்கும் இல்லை. நெய்ச்சோற்று வாசனைக்கு மூன்று நிமிடத்தில் மறந்தார். கருவாடு பொரித்தால் உடனே.

ஆகவே உம்மா நோன்போடு தினமும் காலையில் நெய்ச்சோறு ஆக்கி, கருவாடு பொரித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறார். "நோன்பு மாசத்துல விடிஞ்சதும் கருவாடு மணக்குற ஒரே வீடு நம்ம வீடுதான். தெருவே நம்மளைப் பத்திப் பேசுது" என்கிறார் மாமி. பேசுகிற தெரு, மாமியின் வாய்வழியாகத்தான் பேசுகிறது.

தொடர்ந்து ஆறாவது நாளாக இடது பக்கத்தில் வலிப்புக் கட்டம் காலி. மாமி கட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, பெருநாள் கழித்து ஸ்கேன் எடுத்தால் கட்டியே இருக்காது என்கிறார். ஓதி ஊதிய தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். உம்மா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி, அந்தத் தண்ணீரிலேயே மாத்திரையைக் கொடுக்கிறார்.

மார்ச் 24, நோன்பு 13

இன்று வாப்பா மறக்கவே இல்லை.

நெய்ச்சோறு, கருவாடு, மாமியின் கோழிக்குருமா. எதுவும் பலிக்கவில்லை. "என்னளா இது, நோன்பாளி வீட்டுல கல்யாண வாசனை" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். உம்மா கடையை மூடிவிட்டு வந்து கெஞ்சினார். ஹஜ்ரத்தும் வந்து சொன்னார். "இன்னைக்கு ஒரு நாள் முடிச்சிர்றேன் ஹஜ்ரத், நாளைக்குப் பாப்போம்" என்றார்.

4.50க்கு வலிப்பு. இரண்டு நிமிடம் பத்து நொடி. அதற்குப் பிறகு இடது கால் சரியாக ஊன்றவில்லை. டாக்டரிடம் உம்மா போனில் பேசினார். நோட்டைப் பார்த்து நேரத்தை நான் சொல்லச் சொல்ல, உம்மா அவரிடம் சொன்னார். "நல்லா எழுதி வச்சிருக்கீங்க" என்றாராம் டாக்டர்.

இன்றிலிருந்து உம்மா வாப்பாவின் இடது பக்கமாகவே உட்காருகிறார். "வலது பக்கம் வாங்க உம்மா, அங்க இருந்தா வாப்பாவுக்குத் தெரியாது" என்றேன். "இங்கேயே இருக்கேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த வருடம் வெயில் அதிகம்.

மார்ச் 27, நோன்பு 16

மறந்தார். சாப்பிட்டார். மாத்திரை 12.50.

மார்ச் 30, நோன்பு 19

வாப்பாவுக்கு நேற்றும் இன்றும் மனம் தெளிவாக இருக்கிறது. மாலையில் அஸர் தொழுகைக்குப் பிறகு அவருடைய கால் விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"வாப்பா, விடலாம்னு சட்டமே சொல்லும்போது ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"முஃப்தியம்மா கேக்காங்களா, மகள் கேக்காளா?"

"ரெண்டு பேரும்."

விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொழுதா எத்தனை ரக்அத்துன்னு மறந்து போகுது. ஓத உக்காந்தா பாதி வரியைக் காணல. கடைக்குப் போனா ஆள் பேரு வரமாட்டேங்குது. மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான். பட்டினி கிடக்க ஞாபகசக்தி வேண்டாம்லா."

நான் அடுத்த விரலைப் பிடித்தேன்.

"நோன்பாளிகளுக்குன்னு சொர்க்கத்துல தனி வாசல் இருக்கு. அங்க போய் வரிசையில நிக்கணும். இடது பக்கம் யாரு நிக்கான்னுதான் தெரியாது. உங்க மாமியா இல்லாம இருந்தாச் சரி."

சிரித்துவிட்டேன். பதிவாளர் நோயாளியின் கால் மேல் தலை வைத்துச் சிரிக்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 2, நோன்பு 22

முழுப் பரீட்சை நாளை தொடங்குகிறது. வாப்பா என்னை இரண்டு முறை "லாத்தா" என்று கூப்பிட்டார். அது அவர் மாமியைக் கூப்பிடுவது. மாமிக்கு அதில் பெருமை: "பாத்தியா, எனக்கு வயசு பதினாலுன்னு சொல்லுதான்."

ஏப்ரல் 5, நோன்பு 25

இன்று அறிவியல் பரீட்சை. சகரிலிருந்து தூங்காமல் படித்துவிட்டுப் போய் எழுதினேன். கடைசிக் கேள்வி மூளையின் பாகங்கள். படம் வரைந்து ஒன்பது பாகம் குறிக்க வேண்டும். பன்னிரண்டு குறித்தேன்.

பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். உம்மா மாத்திரைச் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும், துணி காயப்போட வேண்டும் என்று மாமி தன் வீட்டுக்குப் போனார். நான் வாப்பாவின் வலது பக்கத்தில் தட்டை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து சமூக அறிவியல் புத்தகத்தை விரித்தேன். வாப்பா சாப்பிட ஆரம்பித்தார். பாதியில் எழுந்து தட்டைத் திருப்பி வைத்தேன். வாப்பாவுக்கென்று மாமி ஒரு கிண்ணத்தில் தம்மடை வைத்துவிட்டுப் போயிருந்தார். ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுச் சுட்டது, ஓரம் சிவந்து முறுகியிருந்தது.

முதல் உலகப் போருக்கான காரணங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது காரணத்துக்கு வரும்போது தொண்டையை அடைத்தது. வாப்பா தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் தள்ளினார். குடித்தேன். ஆறாவது காரணத்துக்கு என் கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது. கிண்ணம் காலி.

அப்போதுதான் விளங்கியது.

"வாப்பா, நான் நோன்பு."

"தெரியும்."

"முழுசும் தின்னுட்டேன். பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?"

"ஆமா. நாலு துண்டு. ஓரத்தைத்தான் முதல்ல தின்ன."

"சொல்லக் கூடாதா வாப்பா?"

வாப்பா கையை உதறி, விரலைத் துடைத்துக்கொண்டார். "நீ எனக்குச் சொன்னியா?" என்று கேட்டார்.

நான் காலிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"பயப்படாத. உன் நோன்பு முறியல. மறந்து தின்னவனுக்கு முறியாது. ஹஜ்ரத்துக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சியா? அந்தப் பாடத்துல நான் மதரசாவுலயே முதல் மார்க்கு."

"எத்தனை நாளா வாப்பா தெரியும்?"

"அது நாளைப் பொறுத்தது. சில நாள் நெசமாவே மறந்துதான் சாப்பிடுதேன். சில நாள் பாதித் தட்டுல ஞாபகம் வந்துரும்."

"ஞாபகம் வந்த உடனே நிறுத்தணும் வாப்பா. அதுக்கு மேல சாப்பிட்டா நோன்பு போயிரும்." எனக்குக் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பரீட்சைக்குப் படித்த களைப்பு.

"போயிரும்தான்." வாப்பா தட்டைப் பார்த்தார். "நிறுத்தத்தான் நெனைப்பேன். அந்நேரம் நீ எந்திரிச்சு வந்து தட்டைத் திருப்பி வைப்ப. திருப்பி வச்சுட்டு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் எப்படிளா நிறுத்த?"

நான் அழவில்லை. புத்தகத்தில் முதல் உலகப் போர் மட்டும் நனைந்திருந்தது.

"அப்ப எத்தனை நோன்பு நின்னுச்சு, எத்தனை போச்சு?"

"அதை வச்சவன் பாத்துக்குவான். நீ அதுக்கும் ஒரு கட்டம் போட்டுராத." பிறகு உள்ளங்கையை நீட்டினார். "மாத்திரையைக் கொண்டா. உம்மாட்ட சொல்லாத. நான் மறக்குறேன்னு நெனச்சு நெய்ச்சோறு ஆக்குறா. தெரிஞ்சா ரசம் சோறுதான்."

மதிய மாத்திரை: 12.55. என் நோன்பு: நின்றது.

ஏப்ரல் 6, நோன்பு 26

இன்று உம்மா முன்னால் வாப்பா மறந்தார். அதாவது, என்னைப் பார்த்து ஒரு கண்ணை இலேசாகச் சிமிட்டிவிட்டு, "ஆகா, என்ன வாசனை" என்று ஆரம்பித்தார். நடிப்பு மோசம். உம்மா நம்பினார். நம்பியதுபோல் உம்மா நடித்தார் என்றும் சொல்லலாம். இந்த வீட்டில் இனி யாரையும் நம்புவதற்கில்லை. மாமி மட்டும் உண்மையாக ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 7, நோன்பு 27

சகருக்கு முன்பே வலிப்பு. நிற்கவில்லை. ஆஸ்பத்திரி. ஊசி போட்ட பிறகு நின்றது. நேரம் எழுதவில்லை. கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, நோன்பு 28

காலையில் வாப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். அங்கே வைத்திருக்கச் சொல்லவில்லை.

தலையணை அடுக்கி உட்கார வைத்தோம். நல்ல அமைதியாக இருந்தார். மாமி தஸ்பீஹோடு வந்து உட்கார்ந்தார். உம்மா தட்டைக் கொண்டுவந்து வலது பக்கம் வைத்தார். வாப்பா தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நீங்கள்லாம் சாப்பிடலையா?"

"நாங்க நோன்பு வாப்பா."

"இன்னைக்கு நோன்பா?"

ஹஜ்ரத் சொன்னதை மறக்கவில்லை. வாப்பா கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். உம்மா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அது வேண்டாம் என்பதா, சொல் என்பதா என்று தெரியவில்லை.

"ஆமா வாப்பா. ரமலான் மாசம். இருபத்தெட்டாவது நோன்பு."

"எனக்கும் உண்டா?"

"நோயாளிக்கு இல்ல வாப்பா. நீங்க சாப்பிடலாம். ஹஜ்ரத் சொல்லிட்டார்."

இதற்கு அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். நாற்பத்தோரு வருடம் என்பார். அம்மை போட்ட வருடம் என்பார். தனி வாசல் என்பார்.

"அப்படியா" என்றார் வாப்பா. "சரி, அப்ப சோறைப் பிசைஞ்சு தா."

மாமியின் கையில் மணி உருள்வது நின்றுவிட்டது. ஹஜ்ரத் எத்தனையோ முறை வந்து சொல்லி நடக்காதது. முதல் நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். உம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். நல்லபடியாகச் சாப்பிட்டார். நான் தட்டைத் திருப்பி வைக்கத் தேவையே இருக்கவில்லை.

மதிய மாத்திரை 1.05. மறுக்கவில்லை. ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம்.

ஏப்ரல் 9, நோன்பு 29

மதிய மாத்திரை 12.40. மறுக்கவில்லை.

இன்று பிறை தெரியவில்லை. பெருநாள் நாளை மறுநாள்.

ஏப்ரல் 10, நோன்பு 30

பெருநாள் வேலைகள். உம்மா வாப்பாவுக்கு வெள்ளைச் சட்டை தேய்த்து வைத்தார். மாமி எங்கள் வீட்டு அடுப்பிலும் தம்மடை சுட்டார். இந்த முறை கிண்ணத்தை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, "இங்க படிக்கிற புள்ளைங்களை நம்ப முடியாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். யார் மாமியிடம் சொன்னது என்று தெரியவில்லை. நோயாளியைச் சந்தேகிக்கிறேன்.

வாப்பா மதியம் சாப்பிட்டார். மாத்திரை 12.45. அதற்குப் பிறகு உறங்கினார். விழித்தபோது உம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று மரியாதையாகக் கேட்டார். உம்மா, "உங்க வீட்டுப் புள்ளதான்" என்றார். "நல்லது" என்றார் வாப்பா.

மாலையில் நோன்பு திறக்க எல்லோரும் உட்கார்ந்தோம். கஞ்சி, வடை, பேரீச்சம்பழம். வாப்பாவையும் தூக்கி நடுவில் சாய்த்து உட்கார வைத்தோம். கடைசி நோன்பு என்பதால் ஹஜ்ரத்தும் பார்க்க வந்திருந்தார். நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. உம்மா வாப்பாவின் வலது கையில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்து, "சாப்பிடுங்க. உங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்ல" என்றார்.

வாப்பா பழத்தை வாய் அருகில் கொண்டுபோனார். உதட்டுக்கு ஒரு விரல்கடை முன்னால் கை நின்றுவிட்டது. ஏதோ கை மறந்துவிட்டது என்று நினைத்து உம்மா மெதுவாக முழங்கையைத் தூக்கிவிட்டார். வாப்பா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவர் எங்களைப் பார்க்கவில்லை. பள்ளிவாசல் இருக்கும் பக்கமாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"விடும்மா" என்றார் ஹஜ்ரத்.

வாப்பாவின் கை நடுங்கியது. பழம் கீழே விழவில்லை. மாமிகூட ஒரு சொல் சொல்லவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வாப்பா பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

மூன்று நிமிடம். இந்த முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இடது பக்கத்தில் இதற்குக் கட்டம் இல்லை. அதனால் வலது பக்கத்தில் எழுதுகிறேன்: 6.27 முதல் 6.30 வரை, வாப்பா நோன்பு.